பங்குக்காரி அங்காளம்மாள்

பசியாவரத்தில் இப்போது என் அண்ணி அங்காளம்மாளைப் பற்றிப் பெருமையாகப் பேசாத ஆளே இல்லை. அவள் உயிரோடு இருந்தபோது இவர்கள் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவளைப் பற்றிச் சொல்வதென்றால் நான்தான் சொல்ல வேண்டும். நான் தருமலிங்கம், அவள் புருஷன் அர்ஜுனனுக்குத் தம்பி. அவளுக்கு நான் செய்ததையும் சேர்த்தே சொல்கிறேன். நடுவில் யாரும் மூஞ்சியைச் சுளிக்க வேண்டாம். என் இடத்தில் நின்றிருந்தால் நீங்கள் என்ன கிழித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் ஓர் ஐப்பசியில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. எங்கள் பழவேற்காட்டு ஏரியில் கண்ட இடத்தில் வலை கட்ட முடியாது. நல்ல இடம் கொஞ்சம், குடும்பம் நிறைய. அதனால் பாடு என்று ஒரு முறை வைத்திருக்கிறோம். கலியாணமான ஒவ்வோர் ஆம்பளைக்கும் ஊரில் ஒரு பங்கு. ஓலை நறுக்கில் குறி போட்டுக் குலுக்கி எடுப்போம். இன்றைக்கு இந்த இடம் இவனுக்கு, நாளைக்கு அடுத்தவனுக்கு என்று சுற்றி வரும். ஏழை பணக்காரன் பேச்சே இல்லை. பங்கை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. இப்படி ஒரு நியாயம் எங்கேயும் கிடையாது என்று மார் தட்டிக்கொள்வோம். தாலி அறுத்தவளுக்கு மட்டும் அதில் இடம் இல்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் அண்ணன் பங்கை ஊர் என் பேருக்கு மாற்றியது. எனக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது.

"ஏன் தருமா, உங்கண்ணன் வலையில பாதி நான் முடிச்சுப் போட்டது. ஆம்பளைக்கு மட்டும் இன்னா, கை நாலா முளைச்சுக்கீது?" என்று அண்ணி வாசலில் வந்து நின்று கேட்டாள்.

"ஊர் வழக்கம் அண்ணி. நான் இன்னா பண்றது?" என்றேன்.

இரண்டு மூன்று நாள் அவள் வீட்டுக்கு மீன் கொடுத்தனுப்பினேன். கூடை வைத்தது வைத்தபடி திரும்பி வந்தது. அதோடு விட்டுவிட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு.

அவள் சும்மா உட்காருகிற பிறவி இல்லை. இறால் வாங்கிக் காயப்போட்டாள். பழவேற்காட்டுக் கோட்டைக்கு எதிரே கடலில் நங்கூரம் போடும் கப்பல்களுக்குக் கருவாடு கொடுத்தாள். பேரத்தில் அவளிடம் யாரும் வாய் கொடுத்து மீள முடியாது. சிரித்தால் அக்கரைக்குக் கேட்கும். கருவாட்டைக் கப்பல்காரர்களிடம் சேர்த்துவிடுகிறவர் பழவேற்காட்டு வியாபாரி ஜெகபர் அலி. அவரே இவள் வருவதைப் பார்த்தால் வெற்றிலைப் பெட்டியை ஒளித்துவைப்பார். எடுத்தால் பாதியைக் காலி பண்ணிவிட்டுத்தான் போவாள்.

அந்த நாட்களில் அவளிடம் வந்து சேர்ந்தவள்தான் திரௌபதி. அனுப்பம்பட்டுப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பெண். கட்டினவன் விரட்டிவிட்டான். நெல்லைக் கொடுத்து மீன் வாங்கிப் போக வந்தவள், இரண்டாம் தடவை வந்தபோது திரும்பிப் போகவில்லை. முதலில் கருவாட்டு வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். ஒரு வருஷத்தில் எங்கள் பெண்களைவிட வலை முடிச்சு நன்றாகப் போட்டாள். "என் வயித்துல பொறக்கல, அவ்ளோதான்" என்று அண்ணி எல்லோரிடமும் சொல்வாள். திரௌபதி என்னை மாமா என்று கூப்பிடுவாள்.

பழவேற்காட்டுத் துணி வியாபாரிகள் அப்போது ஒரு கூட்டு ஏற்படுத்தியிருந்தார்கள். கோட்டையில் இருக்கிற ஒல்லாந்து வெள்ளைக்காரர்களுக்குத் துணி வாங்கிக் கொடுப்பது அவர்கள் தொழில். தனித்தனியாக முதல் போட்டு ஒருவருக்கொருவர் குழி பறிப்பதைவிட, முதலையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பங்கு பங்காகப் பிரித்துக்கொள்ளலாம் என்று யோசனை. வருகிற ஆதாயம் பங்குப்படி. துட்டு வைத்திருக்கிற யாரும் பங்கு வாங்கலாம்.

"அங்காளம்மா, உங்க பேருல ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்றார் ஜெகபர் அலி.

"பொம்பளைக்குக் குடுப்பாங்களா பாய்?"

"பங்கு எழுதற ஓலை மீசையைத் தடவிப் பாக்காதும்மா."

அண்ணி தாலிப் பொன்னை அழித்து அந்தப் பங்கை வாங்கினாள். முத்திரை குத்திய ஓலையை எடுத்துக்கொண்டு படகைவிட்டு இறங்கியதும் நேராக ஊர் நடுவில் வந்தாள். "பாருங்கடா! பேரு இன்னா போட்டுக்கீது? அங்காளம்மா!" என்று தூக்கிக் காட்டினாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள் போலிருக்கிறது. யாருக்கும் படிக்கத் தெரியாது, ஆகவே ஒருவரும் திருத்தவில்லை. ஊர் கொடுக்காத இடத்தை ஊருக்கு வெளியே வாங்கிவிட்டாள் என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. எனக்கு வயிறு எரிந்தது. சொன்னால் என்ன, எரிந்தது.

முதல் வருஷமே ஆதாயம் வந்தது. கூரையை மாற்றினாள். அடுத்த வருஷம் நாங்கள் ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு பங்கு வாங்கினோம். ஆறில் ஒன்று என்னுடையது. அதற்கப்புறம் ஊரில் பாதிப் பேர் அப்படிச் சேர்ந்து வாங்கினார்கள். சலங்கு என்று நாங்கள் சொல்கிற சரக்குப் படகில் துணி மூட்டையைக் கப்பலுக்குக் கொண்டுபோவது எங்கள் ஊர் வேலைதான். முன்பெல்லாம் அலை அடித்து மூட்டை நனைந்தால், யார் வீட்டுச் சரக்கோ என்று சும்மா இருப்போம். இப்போது மேல்துண்டை அவிழ்த்து மூட்டையை மூடினோம். "நம்ம சரக்குடா, பாத்து!" என்று கத்துவோம். கூலிக்காரனாக இருந்தவன் பங்குக்காரன் ஆகிவிட்டால் முதுகு தானாக நிமிர்கிறது. பொய் சொல்ல மாட்டேன், அந்த இரண்டு வருஷம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம்.

பிறகு மழை பொய்த்தது. மறு வருஷமும் பொய்த்தது. உள்நாட்டுப் பக்கம் நெல்வயல் வெடித்தது. நெசவாளிகள் தறியைப் போட்டுவிட்டு எங்கெங்கோ போனார்கள். பழவேற்காட்டுக்கு ஒரு மூட்டைத் துணிகூட வரவில்லை. ஆனால் கூட்டின் ஆதாயம் அந்த வருஷம் இரட்டிப்பாக வந்தது.

என்ன சரக்கு என்று எங்களுக்குத் தெரியாது என்று இப்போது பசியாவரத்தில் ஒருவன் சொல்லட்டும், அவன் பல்லைத் தட்டுகிறேன். சலங்கு தள்ளினது யார்? பசிக்குத் தங்களையே விற்றுக்கொண்டவர்கள், விற்கப்பட்டவர்கள் என்று இரண்டு நடை மனிதர்களை ஏற்றிப்போய்க் கப்பலில் சேர்த்திருந்தோம். கடலுக்கு அப்பால் ஏதோ தீவுக்கு வேலைக்குப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டோம். அண்ணியிடமும் அப்படித்தான் சொன்னேன். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆதாயத்தை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள்.

அந்த வைகாசியில் திரௌபதி தன் தாயைக் கூட்டிவருகிறேன் என்று அனுப்பம்பட்டுப் பக்கம் போனாள். பத்து நாளாயிற்று, வரவில்லை. பன்னிரண்டாம் நாள் அண்ணி ஜெகபர் அலியிடம் கருவாடு கொடுக்கப் போனவள் கூடையில்லாமல் ஓடிவந்தாள்.

"தருமா, திரௌபதி கூட்டுக் கிடங்குல கீறாடா! சன்னல் வழியா என்னைக் கூப்பிட்டா. தாயாரு வழியிலயே செத்துப்போச்சாம். ஒரு மரக்கால் அரிசிக்கு இவளைச் சித்தப்பன்காரன் வித்துட்டான்டா!"

நான் படகுக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன்.

"வா என்கூட. நீயும் ஆறுல ஒண்ணு வெச்சிக்கீற இல்ல?"

கூட்டின் தலைமை வியாபாரி முத்தியாலுச் செட்டி. கிடங்கு வாசலில் இரண்டு மூன்று வியாபாரிகளோடு உட்கார்ந்திருந்தார். ஜெகபர் அலியும் அங்கேதான் இருந்தார். அண்ணியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"செட்டியாரே, என் பொண்ணு உள்ள கீது. வெளிய வுடுங்க" என்றாள் அண்ணி.

"உனக்கேது பொண்ணு?"

"திரௌபதி. மனுஷாளை வாங்கறதுன்னு யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?"

"பங்குக்காரங்களைக் கேட்டுத்தான்."

"நானும் பங்குக்காரிதானே. என்னைக் கேக்கலியே?"

செட்டியார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அங்காளம்மா, எனக்கு நாப்பது பங்கு. பாய்க்கு ஒம்பது. உனக்கு ஒண்ணு. நாப்பது சரின்னு சொன்னப்புறம் ஒண்ணைத் தேடிக்கிட்டு நாங்க படகேறி வரணுமா? போன தடவை ரெட்டிப்பா வாங்கிக்கினு போனியே, அப்ப வந்து இன்னா சரக்குன்னு கேட்டியா?" என்றார்.

அண்ணி பங்கு ஓலையை எடுத்து நீட்டினாள். "இத்த எடுத்துக்கோங்க. அவளைக் குடுங்க."

"நாளைக் கப்பலுக்கு முப்பது பேரு, எண்ணிக் குடுத்தாச்சு. ஒண்ணு குறைஞ்சா கப்பல்காரன் ஒத்துக்க மாட்டான்." செட்டியார் பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பங்குக்காரி கேக்கறே, உனக்காக ஒண்ணு பண்றேன். பின்கட்டுல இன்னும் கொஞ்சம் பேரு கீறாங்க. போய்ப் பாரு. அவளுக்குப் பதிலா ஒருத்தியைத் தொட்டுக் காட்டு. மாத்திக் குடுத்துடறேன். பங்கும் உன்கிட்டயே இருக்கட்டும்."

அண்ணி உள்ளே போனாள். நான் வாசலிலேயே நின்றேன். வெகுநேரம் கழித்து வந்தாள்.

"யாரைக் காட்டினே?" என்றேன்.

"எல்லாரும் என்னைப் பாக்கறாங்கடா. எதுக்கு வந்துக்கீறேன்னு தெரியாம, கஞ்சி ஊத்த வந்துக்கீறேன்னு கையை நீட்டறாங்க. யாரைடா தொட்டுக் காட்டறது?" படகில் பாதி தூரம் வந்த பிறகு, "நானும் அந்தத் துட்டைத் தின்னவதான்டா" என்றாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பாடு முறையில் பங்கு உள்ள ஒருவனுக்கு ஒரு குறை என்றால், காலையில் படகு இறங்கும் துறையில் தன் வலையைக் குறுக்கே விரித்துப் போடுவான். ஊர் கூடி அவன் குறையைத் தீர்க்கும்வரை ஒரு படகும் தண்ணீரைத் தொடாது. வலையைத் தாண்டுகிறவன் ஊருக்கு ஆகாதவன். எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் அந்த வலைக்கு முன்னால் நின்றுதான் ஆக வேண்டும்.

"நாளைக்கு நான் வலை போடப்போறேன்" என்றாள் அண்ணி.

"அண்ணி, புத்தி கெட்டுப்போச்சா? அது பாடு முறைக்கு உள்ள வழக்கம். இது வியாபாரக் கூட்டு."

"கூட்டுல எனக்குப் பங்கு கீதா இல்லியா? பங்குக்காரன் வலை போட்டா படகு நிக்கணுமா இல்லியா?"

"அந்தச் செட்டிக்கும் வெள்ளைக்காரனுக்கும் நம்ம வழக்கம் இன்னா தெரியும்?"

"அவங்களாடா படகு தள்றாங்க? நீங்கதானே தள்றீங்க."

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? விடியும்போது நாங்கள் பழவேற்காட்டுத் துறைக்குப் போனால், மணலில் நான்கு சலங்குக்கும் குறுக்கே வலை கிடக்கிறது. அண்ணன் விட்டுப்போன வலை. ஓரத்தில் அண்ணி நின்றாள். எங்கள் ஆட்கள் நாற்பது பேரும் அப்படியே நின்றுவிட்டோம். யாரும் சொல்லி நிற்கவில்லை, கால் தானாக நின்றது. கிடங்கிலிருந்து முப்பது பேரை வரிசையாக நடத்திக்கொண்டு செட்டியாரின் மேஸ்திரி வந்தான்.

"இன்னாடா வேடிக்கை பாக்கறீங்க? தள்ளுங்கடா!"

ஒருவனும் அசையவில்லை. எனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு கணம் நெஞ்சு நிறைந்துபோனது. ஒரு கயிற்று வலையை வைத்து இவள் கப்பலையே நிறுத்திவிட்டாளே என்று நினைத்தேன்.

மேஸ்திரிக்கு விஷயம் விளங்கியதும் குரலைத் தணித்தான். "இன்னிக்குப் படகு எடுக்காதவனுக்கு இனிமே இந்தத் துறையில வேலையும் கிடையாது, கூட்டுல பங்கும் கிடையாது. பஞ்ச காலம். யோசிச்சுக்கோங்க" என்றான்.

எல்லோரும் ஊர்த் தலைவரான நாட்டார் நாகப்பனைப் பார்த்தோம். அவர் வலையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார். நியாயம் தப்பாத மனிதர், பாவி.

"பாட்டுல பங்கு உள்ளவன் போட்டாத்தான் இது வலை. அங்காளம்மாளுக்குப் பாட்டுல பங்கு இல்ல. அர்ஜுனன் பங்கு தருமலிங்கம் பேருல கீது" என்றார். "தருமலிங்கம், நீ சொல்லு. இந்த வலை உன் பங்குக்குப் போட்டதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் வலை வலையாகிவிடும். நாற்பது பேரும் மணலில் உட்கார்ந்துவிடுவார்கள். ஊர் கூடிப் பேசி முடிக்க ஒரு நாளாவது ஆகும். அன்றைக்குக் கப்பல் ஆள் இல்லாமல் நிற்கும், அல்லது போய்விடும். அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்றே நின்றிருந்தாள்.

என் மூன்று பிள்ளைகளை நினைத்தேன். ஆறில் ஒன்றை நினைத்தேன். அந்தப் பெண் நம் சாதியா, நம் ஊரா என்றும் நினைத்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"என் வலை இல்ல" என்றேன்.

நாகப்பன் தலையை ஆட்டினார். "அப்ப இது வெறும் கயிறு. தாண்டுங்க" என்றார்.

தாண்டினோம். முதலில் போனவன் ஓர் அடி தயங்கினான், பிறகு எல்லோரும் போனோம். வரிசையில் வந்தவர்களுக்கு வலையைப் பற்றி என்ன தெரியும்? மிதித்துக்கொண்டே நடந்தார்கள். திரௌபதி மட்டும் வலை ஓரத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். மேஸ்திரி முதுகில் கையை வைத்துத் தள்ளினான். அவள் குதிகாலை மணலில் ஊன்றிக்கொண்டாள்.

"துறையில வலை போட்டுக்கீது. தாண்டக் கூடாதுங்க" என்று அவனுக்குப் பொறுமையாகச் சொன்னாள்.

அவன் பிரம்பை ஓங்கினான். அண்ணி ஓடிவந்து குறுக்கே விழுந்தாள், இரண்டு பேர் அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். இது சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது எனக்கு. நான் திரும்பிப் போய்த் திரௌபதியை இடுப்பில் கை கொடுத்துத் தூக்கினேன். கனமே இல்லை. தூக்கிக்கொண்டு திரும்பும்போது அவள் என் தோளைத் தட்டினாள்.

"மாமா, கீழ வலை கீது பாருங்க. கால் படப்போவுது" என்றாள்.

நான் கவனிக்காமல் வருகிறேன் என்று நினைத்துவிட்டாள். எனக்குப் பழி வந்துவிடக் கூடாதே என்று சொன்னாள். அவளைச் சலங்கில் உட்காரவைத்தேன். முகத்துவாரம் தாண்டிக் கப்பல்வரை துடுப்புப் போட்டேன். கயிற்று ஏணியில் ஏறும்போது அவள் திரும்பிப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

துறைக்குத் திரும்பி வந்தபோது அண்ணி இல்லை. ஓலையை எடுத்துக்கொண்டு ஜெகபர் அலியிடம் போயிருந்தாள். பங்கை அவரிடமே கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகப் பின்கட்டில் எண்ணிக்கைக்கு வராமல் இருந்தவர்களில் ஒருத்தியை விடுவிக்கச் சொன்னாளாம். எவளை என்று கேட்டதற்குக் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாளாம். கையில் பட்டவள் தெலுங்கு பேசுகிறவள், நெஞ்சில் சளி கட்டி இருமிக்கொண்டே இருப்பவள். அவளைக் கூட்டிவந்து கடைசிவரை வைத்துக் காப்பாற்றினாள். பாய் இதைச் சொல்லும்போது அழுதார். உங்கள் ஒன்பது பங்கை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "குடும்பம் கீதே தருமலிங்கம்" என்றார்.

அண்ணி அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தாள். என்னைத் திட்டியதில்லை. எதிரில் பார்த்தால், "சாப்ட்டியா தருமா?" என்று கேட்பாள். அதைக் கேட்பதற்குப் பயந்துகொண்டு நான் வேறு வழியாகச் சுற்றிப் போவேன்.

அந்த வருஷத்து ஆதாயத்தைக் கூட்டு அரிசியாகக் கொடுத்தது. பஞ்சத்தில் துட்டை யார் தின்பது? ஆறு வீட்டுக்கும் பிரித்துக்கொண்டோம். என் பொண்டாட்டி தெய்வநாயகி உலை வைத்து வடித்தாள். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் என் பிள்ளைகள் இலை நிறையச் சோற்றைப் பார்த்தார்கள். அந்தச் சோறு எனக்குத் தொண்டையில் அடைத்தது, கசந்தது என்று சொன்னால் கேட்கிற உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். அடைக்கவில்லை. ருசியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கித் தின்றேன்.